இல்லாத இடத்துக்கு ஓர் ஏடு



கணிப்பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். முகவரியின் நீளம் 32 பிட். பக்கம் ஒன்றின் அளவு 4 கிலோபைட். பக்க அட்டவணையில் பதிவு ஒன்றுக்கு 4 பைட். அட்டவணையின் அளவு யாது என்பது வினா. 4 மெகாபைட் என்று அவர் சரியாகவே விடை கண்டிருந்தார். ஆனால் தாம் கண்ட விடையை அவராலேயே நம்ப முடியவில்லை. ஏனெனில், அக்கணிப்பொறியில் உள்ள மெய்யான நினைவகம் 2 மெகாபைட் மட்டுமே என்றும் அவ்வினாவில் ஒரு வரி இருந்தது. "ஐயா, வீட்டைவிட வீட்டின் சாவிக்கொத்து பெரிதாக இருக்குமா?" என்று கேட்டார். மிக நல்ல கேள்வி அது. அன்று அவருக்குக் கூறிய விடையையே இன்று உங்கள் முன் சற்று விரித்துக் கூற விழைகின்றேன். எண்கள் பல வரும். கையில் தாளும் பென்சிலும் உள்ளவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நிரல் ஒன்று ஓடும்போது, தனக்குத் தேவையான தரவுகளை முகவரி எண்களால் குறிப்பிட்டுக் கேட்கின்றது. அந்த எண்கள் மெய்யான நினைவகத்தின் எண்கள் அல்ல. அந்நிரலுக்கென்று கற்பித்துத் தரப்பட்ட ஒரு வெளியின் எண்கள். இவ்வெளியைத்தான் மெய்நிகர் நினைவகம் என்கிறோம். ஒவ்வொரு நிரலும் இந்தப் பெருவெளி முழுவதும் தனக்கே உரியது என எண்ணிக்கொண்டு ஓடுகின்றது. உண்மையில் அவ்வெளியில் ஒரு சிறு பகுதியே மெய் நினைவகத்தில் இருக்கும்; இன்னொரு பகுதி வட்டில் காத்திருக்கும்; மிகப் பெரும்பகுதி எங்குமே இராது. கற்பித வெளியைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கின்றனர். மெய் நினைவகத்தையும் அதே அளவுள்ள சட்டகங்களாகப் பகுக்கின்றனர். எந்தப் பக்கம் எந்தச் சட்டகத்தில் இருக்கின்றது என்பதைக் காட்டும் ஏடே பக்க அட்டவணை.

இக்கருத்து பிறந்த இடம் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் பல்கலைக்கழகம். டாம் கில்பர்ன் என்பாரின் தலைமையில் அங்கே அமைக்கப்பட்டு, 1962-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் என்னும் கணிப்பொறியில்தான் இம்முறை முதன்முதலாகச் செயலுக்கு வந்தது. அதன் காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களைக் கொள்ளும். சொல் என்பது இங்கே 48 பிட்டுகள் கொண்ட ஒரு தொகுதி. அதனினும் மெதுவாக இயங்கும் காந்த உருளைகளில் 98,304 சொற்களுக்கு இடம் இருந்தது. வேகமான சிறிய இடமும் மெதுவான பெரிய இடமும் நிரல் எழுதுபவருக்கு ஒரே நினைவகமாகத் தோன்ற வேண்டும் என்பதே கில்பர்ன் குழுவினரின் நோக்கம். அதற்குமுன், எந்தத் தரவை எப்போது உருளையிலிருந்து கொணர்வது, எதனைத் திருப்பி அனுப்புவது என்பதையெல்லாம் நிரல் எழுதுபவரே திட்டமிட வேண்டியிருந்தது. அந்த அலுப்பிலிருந்து அவரை விடுவித்ததே அட்லஸின் பெருஞ்சிறப்பு எனலாம்.

அட்லஸில் பக்கம் ஒன்றுக்கு 512 சொற்கள். 16,384-ஐ 512-ஆல் வகுத்தால் 32 கிடைக்கும். ஆகவே மெய் நினைவகத்தில் 32 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு பதிவகம் வைத்து, அச்சட்டகத்தில் இப்போது குடியிருக்கும் பக்கத்தின் எண்ணை அதில் எழுதி வைத்தனர். நிரல் ஒரு பக்கத்தைக் கேட்டவுடன் 32 பதிவகங்களையும் மின்சுற்றுகள் ஒருங்கே ஒப்பிட்டுப் பார்த்துவிடும். இங்கே ஏட்டின் அளவை நிர்ணயித்தது மெய் நினைவகமே. கற்பித வெளி அன்று. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கு வருவோம்.

இப்போது மாணவரின் கணக்குக்குத் திரும்புவோம். 32 பிட் முகவரியால் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 429 கோடிக்கு மேற்பட்ட பைட்டுகளைச் சுட்டலாம். இது 4 கிகாபைட். பக்கம் 4 கிலோபைட், அதாவது 4,096 பைட்; இது 2-இன் 12-ஆம் அடுக்கு. எனவே முகவரியின் 32 பிட்டுகளில் கடைசி 12 பிட்டுகள் பக்கத்தினுள் எந்த இடம் என்று கூறும். எஞ்சிய 20 பிட்டுகள் எந்தப் பக்கம் என்று கூறும். 2-இன் 20-ஆம் அடுக்கு 10,48,576. அத்தனை பக்கங்கள்; அத்தனை பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் எனின், பெருக்கி வருவது 41,94,304 பைட். அதுவே 4 மெகாபைட்.

இதில் மெய் நினைவகத்தின் 2 மெகாபைட் எங்கே வந்தது? எங்கும் வரவில்லை. பதிவுகள் எத்தனை என்பதை நிர்ணயிப்பது கற்பித வெளியின் அகலமும் பக்கத்தின் அளவுமே. தேர்வுத் தாள்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை இங்குதான் நேர்கின்றது. 2 மெகாபைட்டை 4 கிலோபைட்டால் வகுத்து, 512 பதிவுகள் எனக் கொண்டு, 2 கிலோபைட் என்று விடை எழுதிவிடுகின்றனர். விடை தவறே. ஆயினும் அவ்வாறு எழுதியவரை நான் மனத்துக்குள் அதிகம் கடிந்துகொள்வதில்லை. அட்லஸ் வகுத்த வழியும் அதுவே அன்றோ!

அவ்வாறாயின், பிற்காலத்தார் அட்லஸின் சிக்கனமான வழியை ஏன் கைவிட்டனர்? 32 பதிவகங்களை ஒரே நேரத்தில் ஒப்பிடலாம். நினைவகம் வளர்ந்து சட்டகங்கள் பல்லாயிரம், பல இலட்சம் என்றாகும்போது அத்தனைக்கும் மின்சுற்று வைத்தல் இயலாது. ஒன்றன்பின் ஒன்றாகத் தேடினாலோ கணிப்பொறி ஊர்ந்து செல்லும். ஆகவே, தேடவே தேவையில்லாத ஏடு ஒன்று வேண்டியதாயிற்று.

ஊர்க் கணக்கர் ஒருவர் வைத்திருக்கும் நிலப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். ஒன்று முதல் பத்து இலட்சம் வரை நில எண்கள் உண்டு என்று அரசு அறிவித்துவிட்டது. ஊரில் உண்மையாக உழப்படும் நிலங்கள் முந்நூறு. கணக்கர் அந்த முந்நூற்றை மட்டும் எழுதி வைத்தால் ஏடு சிறியதாகும். ஆனால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். பத்து இலட்சம் வரிகளையும் கோடிட்டு, வெற்று எண்களுக்கு நேரே "இல்லை" என்று எழுதி வைத்தால், ஏழு இலட்சத்து ஐந்தாம் எண்ணைக் கேட்டவுடன் அந்த வரிக்கு நேரே சென்றுவிடலாம். வரியின் வரிசையே நில எண் ஆதலால், நில எண்ணைத் தனியே எழுத வேண்டியதும் இல்லை. ஆனால் இந்த வசதி கெடாதிருக்க ஒரு வரியைக்கூட நீக்கக் கூடாது. அட்டவணை பருத்துப் போனதன் காரணம் இதுவே. இல்லாத இடத்துக்கும் ஏட்டில் வரி ஒதுக்கியாக வேண்டும்.

இனி, பதிவு ஒன்றுக்கு 4 பைட் என்பது எங்கிருந்து வந்தது? இங்குதான் மெய் நினைவகம் கணக்கினுள் நுழைகின்றது. பதிவில் எழுதப்படுவது சட்டகத்தின் எண். மெய் முகவரியும் 32 பிட் ஆயின், சட்டக எண்ணுக்கு 20 பிட் போதும். மீதமுள்ள 12 பிட்டுகளில், பக்கம் நினைவகத்தில் உள்ளதா, அதில் எழுத உரிமை உண்டா, அண்மையில் அதனைத் தொட்டார்களா, அதன் உள்ளடக்கம் மாறியுள்ளதா என்பன போன்ற குறிப்புகளை வைக்கின்றனர். இருபதும் பன்னிரண்டும் முப்பத்திரண்டு. அதுவே 4 பைட். சுருங்கக் கூறின், கற்பித முகவரி பதிவுகளின் எண்ணிக்கையைத் தரும். மெய் முகவரி பதிவின் அகலத்தைத் தரும். 1995-இல் வெளிவந்த பென்டியம் புரோ என்னும் சில்லு மெய் முகவரியை 36 பிட்டாக உயர்த்தியது. சட்டக எண் 24 பிட் ஆயிற்று. பழைய 4 பைட் பதிவில் குறிப்புகளோடு அது அடங்காமையால், பதிவு 8 பைட் ஆயிற்று. கற்பித வெளி ஓர் அங்குலமும் வளராதிருக்க, அட்டவணை மட்டும் இருமடங்காயிற்று.

மாணவரின் ஐயம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. இன்டெல் நிறுவனம் 80386 என்னும் 32 பிட் சில்லை 1985-இல் வெளியிட்டபோது, மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் நினைவகம் சில மெகாபைட்டுகளே. ஒரே நிரலின் அட்டவணை 4 மெகாபைட் என்றால், நிரலுக்கே இடம் இராது. பத்து நிரல்கள் ஓடினால் 40 மெகாபைட். இந்த முட்டுக்கட்டையை அவர்கள் நீக்கிய விதம் மிக எளியது, எளியதாயினும் அழகியது.

நம் கணக்கரையே மீண்டும் அழைப்போம். அவர் பத்து இலட்சம் வரிகளை ஒரே ஏட்டில் எழுதாமல், ஆயிரத்து இருபத்து நான்கு வரிகள் கொண்ட சிற்றேடுகளாகப் பிரிக்கின்றார். எந்தச் சிற்றேடு எந்தப் பெட்டியில் உள்ளது என்பதைக் கூற ஒரு தலைமை ஏடு வைக்கின்றார். ஒரு சிற்றேட்டின் 1,024 நிலங்களும் தரிசாயின், அச்சிற்றேட்டை எழுதுவதே இல்லை. தலைமை ஏட்டில் "சிற்றேடு இல்லை" என்று ஒரே ஒரு வரி. 80386 செய்ததும் அதுவே. பக்க எண்ணின் 20 பிட்டுகளைப் பத்து, பத்து எனப் பிரித்தனர். முதல் பத்து தலைமை ஏட்டின் வரி. அடுத்த பத்து சிற்றேட்டின் வரி. ஒவ்வோர் ஏட்டிலும் 1,024 பதிவுகள்; பதிவு 4 பைட்; எனவே ஏட்டின் அளவு 4,096 பைட். மிகச் சரியாக ஒரு பக்கம்! ஏட்டையும் மற்றப் பக்கங்களைப் போலவே எந்தச் சட்டகத்திலும் வைக்கலாம். அந்த எண்களை வகுத்தவர்களின் நிதானத்தை நான் வியவாத நாளில்லை.

நிரல் ஒன்று தன் கட்டளைகளையும் தரவுகளையும் வெளியின் கீழ்க்கோடியில் 4 மெகாபைட்டுக்குள்ளும், அடுக்கு எனப்படும் பகுதியை மேற்கோடியில் 4 மெகாபைட்டுக்குள்ளும் வைத்திருப்பதாகக் கொள்வோம். இடையில் உள்ளது அனைத்தும் தரிசு. ஒரு தலைமை ஏடு, இரண்டு சிற்றேடுகள். ஆக மூன்று பக்கங்கள், 12 கிலோபைட். 4 மெகாபைட் எங்கே, 12 கிலோபைட் எங்கே! ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நிரல் தன் வெளி முழுவதையும் உண்மையாகவே பயன்படுத்துமாயின், 1,024 சிற்றேடுகளும் வேண்டும்; அவற்றோடு தலைமை ஏடும் சேர்ந்து, பழைய அட்டவணையைவிட 4 கிலோபைட் கூடுதலே ஆகும். பெரும்பாலான நிரல்கள் தம் வெளியை வெறுமையாகவே விட்டுவைக்கின்றன; அதனால்தான் இம்முறை ஆதாயம் தருகின்றது.

பக்கத்தையே பெரிதாக்கிவிட்டால் பதிவுகள் குறையுமே என்று சிலர் கேட்கலாம். குறையும். ஆனால் நிரலின் கடைசிப் பக்கம் முழுமையாக நிரம்புவது அரிது. சராசரியாக அரைப் பக்கம் வீணாகும். 2 மெகாபைட் அளவுள்ள நிரலுக்கு 4 கிலோபைட் பக்கமும் 4 பைட் பதிவும் வைத்தால், பதிவுகளுக்கு 2,048 பைட். அரைப் பக்கத்தின் வீண் 2,048 பைட். இரண்டும் சமம். பக்கத்தை 16 கிலோபைட் ஆக்கினால் பதிவுகளுக்கு 512 பைட்டே; வீணோ 8,192 பைட். இன்றைய நிரல்கள் அக்காலத்தவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை ஆதலின், 16 கிலோபைட் பக்கமுள்ள கணிப்பொறிகளும் கைபேசிகளும் வந்துவிட்டன.

அடுத்து, 64 பிட் கணிப்பொறிகள். 2003-இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ஆப்டெரான் சில்லில் கற்பித முகவரி 48 பிட். பக்கம் அதே 4 கிலோபைட். பதிவு 8 பைட். ஒரே தட்டையான ஏடாக எழுதினால் என்ன ஆகும்? 48-இல் 12 போக 36. 2-இன் 36-ஆம் அடுக்குப் பதிவுகள், அதாவது 6,871 கோடிக்கு மேல். ஒவ்வொன்றும் 8 பைட். மொத்தம் 512 கிகாபைட். இஃது ஒரே ஒரு நிரலுக்கு! இங்கே சாவிக்கொத்து வீட்டைவிட மட்டுமன்று, தெருவைவிடவும் பெரிதாகிவிடுகின்றது. இரண்டு படி போதாது; நான்கு படி வைத்தனர். 4,096 பைட் பக்கத்தில் 8 பைட் பதிவுகள் 512 அடங்கும். 512 என்பது 2-இன் 9-ஆம் அடுக்கு. எனவே ஒன்பது, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, அவற்றோடு பக்கத்தினுள் இடத்துக்குப் பன்னிரண்டு, கூட்டினால் 48. வெளியின் இரு கோடிகளில் சிறிதளவு இடம் கொண்டிருக்கும் நிரலுக்கு, தலைமை ஏடு ஒன்று, அதன்கீழ் மூன்று படிகளிலும் இரண்டிரண்டு. ஆக ஏழு ஏடுகள், 28 கிலோபைட். பின்னர் ஐந்தாவது படியும் சேர்த்து 57 பிட் வரை நீட்டியுள்ளனர்.

இத்தனை படிகள் ஏறி இறங்கினால் ஒவ்வொரு தரவுக்கும் காலம் வீணாகாதா எனின், ஆகும். அதனால் அண்மையில் கண்ட விடைகளைச் சில்லினுள்ளேயே ஒரு சிறு நினைவகத்தில் குறித்து வைத்துக்கொள்கின்றனர். அட்லஸின் 32 பதிவகங்களுக்கு அது தூரத்து உறவு.

இவ்வளவும் ஆன பின், சிக்கல் தீர்ந்தது என்று பலரும் கருதினர். தீரவில்லை. 8 பைட் பதிவு 4,096 பைட் பக்கத்தைக் காட்டுகின்றது. அதாவது, பயன்படுத்தும் இடத்தில் 512-இல் ஒரு பங்கு ஏட்டுக்கு. நூற்றுக்கு ஒரு விழுக்காடுகூட இல்லையே, இதில் என்ன கேடு என்று தோன்றும். ஆனால் தரவுத்தளம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வங்கிகளும் முன்பதிவு நிலையங்களும் நம்பியிருக்கும் தரவுத்தளங்களில் சில, போஸ்ட்கிரெஸ் போன்றவை, வந்து இணையும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நிரலோட்டத்தைத் தொடங்குகின்றன. அவை அனைத்தும் 16 கிகாபைட் அளவுள்ள ஒரே பொது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதாகக் கொள்வோம். தரவு ஒன்றே, அது பகிரப்படுகின்றது. ஏடுகளோ வழக்கமாகப் பகிரப்படுவதில்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி ஏடு. 16 கிகாபைட்டை 4 கிலோபைட்டால் வகுத்தால் 41,94,304 பதிவுகள். எட்டால் பெருக்க 32 மெகாபைட். ஓட்டம் ஒன்றுக்கு 32 மெகாபைட் பெரிதன்று. ஆனால் 512 பேர் இணைந்து, நாளடைவில் ஒவ்வோர் ஓட்டமும் பொது நினைவகம் முழுவதையும் தொட்டுவிட்டால்? 512-ஐ 32-ஆல் பெருக்குங்கள். 16 கிகாபைட்! தரவு எவ்வளவோ அவ்வளவும் ஏடு.

இதில் கொடுமை யாதெனின், இந்தச் செலவு ஒவ்வொரு நிரலின் கணக்கிலும் எளிதில் தென்படுவதில்லை. நினைவகம் எங்கோ மறைகின்றது; கணிப்பொறி பக்கங்களை வட்டுக்கும் நினைவகத்துக்குமாக மாற்றி மாற்றித் திணறுகின்றது; நிர்வாகி தரவுத்தளத்தின் மீதே ஐயம் கொள்கின்றார். லினக்ஸ் இயக்கமுறைமையில் நினைவகக் கணக்கைக் காட்டும் கோப்பு ஒன்று உண்டு. அதில் "பேஜ்டேபிள்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவருக்கு உண்மை ஒரு நொடியில் விளங்கிவிடும்.

மருந்தும் இதே கணக்கிலிருந்து வருகின்றது. நான்காம் படி ஏட்டையே நீக்கிவிட்டு, மூன்றாம் படியின் பதிவு நேரே நினைவகத்தைச் சுட்டட்டும். அப்போது ஒன்பது பிட்டும் பன்னிரண்டு பிட்டும் சேர்ந்து 21 பிட் பக்கத்தினுள் அடங்கும். பக்கம் 2 மெகாபைட் ஆகும். 16 கிகாபைட்டுக்கு 8,192 பதிவுகளே போதும், 64 கிலோபைட். 512 ஓட்டங்களுக்கும் சேர்த்து 32 மெகாபைட். முன்பு ஒருவருக்கே ஆன செலவு இப்போது அனைவருக்கும் போதுமானதாகின்றது. இதற்கும் விலை இல்லாமல் இல்லை. மெய் நினைவகத்தில் இடைவெளியின்றித் தொடர்ந்து 2 மெகாபைட் இடம் கிடைக்க வேண்டும். நெடுநேரம் ஓடிய கணிப்பொறியில் சட்டகங்கள் சிதறிக் கிடக்குமாதலின், அத்தகைய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைப்பர். ஒதுக்கிய இடத்தைத் தரவுத்தளம் பயன்படுத்தாவிடினும் பிற நிரல்கள் தொட முடியாது.

என் மாணவர் தம் கணக்கின் விடையை அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டுச் சென்றார். அவருக்கு நான் கொடுத்தனுப்பிய வேறொரு கணக்கை உங்களுக்கும் தருகின்றேன். பக்கம் 16 கிலோபைட்; பதிவு 8 பைட்; கற்பித முகவரி 47 பிட்; ஒவ்வோர் ஏடும் சரியாக ஒரு பக்கம். எத்தனை படிகள் வேண்டும்? தட்டையாக எழுதினால் ஏடு எவ்வளவு? பென்சிலைக் கீழே வைப்பதற்கு முன் செய்து பாருங்கள். படிகள் மூன்று என்றும், தட்டையான ஏடு 64 கிகாபைட் என்றும் வந்திருந்தால் கணக்குச் சரி.